அத்தியாயம் 7: முதல் திரைக்குள் செய்தி

திருநெல்வேலி மாவட்டத்துக்கு மட்டும் செய்தி தரும் சிறிய இணையதளம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒருவர், நிருபர் இருவர், விளம்பரம் பிடிக்க ஒருவர். பல ஊர்களில் இந்த நால்வரும் ஒரே ஆள்தான். அந்தத் தளத்துக்கு வாசகர் எதற்கு வருகிறார்? ஐப்பசி அடைமழையில் காலை ஆறு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்புவதா, தூங்க விடுவதா என்று தெரிந்துகொள்ள வருகிறார். நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, பாபநாசம் அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, கொக்கிரகுளம் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிட்டிருக்கிறார்களா, தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டா என்று ஏதோ ஒரு கேள்வியோடு வருகிறார். அமெரிக்கத் தேர்தலுக்கும் ஐபிஎல் ஏலத்துக்கும் அவருக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

அந்தக் கேள்விக்கான பதில் எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறது என்பதை வைத்தே இந்த அத்தியாயத்தில் வடிவமைப்பை அளக்கப்போகிறோம். அழகு இரண்டாம் பட்சம்.

பக்கத்தில் விஷயம் நிறைய இருந்தால் குழப்பம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒளித்துவைத்து, ஒரு பெரிய படமும் நாலு வார்த்தையும் மட்டும் வைத்து, ‘க்ளீனாக’ இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மூச்சுவிட இடமில்லாமல் எழுத்து நிறைந்திருக்கும். ஆனாலும் வாடகை வீடு தேடுகிறவர் அரை நிமிடத்தில் தன் பேட்டைக்குப் போய்விடுவார். எல்லா விளம்பரமும் ஒரே அளவு, ஒரே எழுத்து, தலைப்பு வாரியாக ஒரே வரிசை. எதுவும் எதையும் மிஞ்சிக் கத்துவதில்லை. நம் செய்தித் தளங்களில் ஐந்தே செய்தி இருக்கும். ஒன்று சிவப்பில், ஒன்று மஞ்சள் பட்டையில், ஒன்று ஓடிக்கொண்டு, ஒன்று மின்னிக்கொண்டு, ஒன்று ‘அதிரடி’ என்ற முத்திரையோடு. கண் எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கிறது. நெரிசல் அங்கேதான் பிறக்கிறது.

650 பிக்சல் கணக்கு

வாசகர்களில் பெரும்பாலோர் போனில்தான் படிக்கிறார்கள், அதுவும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில். வடிவமைப்பாளர்கள் அளக்கும் பிக்சலில் அதன் திரை அகலம் சுமார் 360. பிரௌசரின் முகவரிப் பட்டை, மணி காட்டும் வரி எல்லாம் போக, உயரத்தில் 650 அளவுக்கு மிஞ்சும். உங்கள் தளத்தின் மொத்த மரியாதையும் அந்த 360க்கு 650 பெட்டிக்குள் இருக்கிறது.

விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் செய்தித் தீம் ஒன்றை அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். மேலே லோகோ, அதன் கீழே ‘உண்மையின் உரைகல்’ பாணியில் ஒரு வாசகம்: 90. மெனுப் பட்டை: 48. ‘பிரேக்கிங்’ என்று ஓடும் செய்திப் பட்டை: 40. அடுத்து 300க்கு 250 அளவில் ஒரு விளம்பரம், மேலும் கீழும் இடைவெளியோடு: 270. பிறகு தானாக மாறும் ஸ்லைடர் படம், முழு அகலத்தில்: 202. கூட்டினால் 650. படத்துக்குக் கீழே இருக்கும் தலைப்பு திரைக்கு வெளியே போய்விட்டது. செய்தித் தளத்தின் முதல் திரையில் படிக்க ஒரு செய்திகூட இல்லை.

இதற்குள் ‘இந்தத் தளம் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா’ என்று ஒரு பெட்டி வந்திருக்கும். வலது ஓரத்தில் வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லும் பச்சைப் பொத்தான் மிதக்கும். அடியில் ஒரு ஒட்டு விளம்பரம் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னும் ஒரு வரிகூடப் படிக்காத ஆளிடம் குழுவில் சேரச் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதே 650ஐ வேறு மாதிரி பங்கு போடலாம். லோகோவும் மெனுவும் ஒரே வரியில்: 48. முதல் செய்தியின் தலைப்பு, 24 பிக்சல் எழுத்தில் மூன்று வரி, கீழே ஒரு வரியில் ஊரும் நேரமும்: 140. அடுத்து, சிறு படமும் தலைப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நான்கு செய்திகள், தலைக்கு 100: 400. மொத்தம் 588. முதல் திரையிலேயே ஐந்து செய்தி வந்துவிட்டது, கொஞ்சம் இடமும் மீதி. விளம்பரம் இந்த ஐந்துக்குக் கீழே போகட்டும். விளம்பரதாரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்றாவது செய்திக்குக் கீழே வையுங்கள், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

ஸ்லைடரை எடுத்துவிடச் சொன்னால் பலருக்கு மனசு வராது. ‘தளம் உயிரோட்டமாக இருக்கிறது’ என்பார்கள். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக இணையதளத்தில் 2013-ல் இதைக் கணக்கெடுத்தார்கள். முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் ஸ்லைடரைச் சொடுக்கினார்கள், அதிலும் பெரும்பாலோர் முதல் படத்தை. இரண்டாவது, மூன்றாவது படங்கள் யாருக்காகச் சுற்றுகின்றன?

ஓடும் செய்திப் பட்டையும் அதே ரகம். அது தொலைக்காட்சியிலிருந்து வந்த பழக்கம். அங்கே நடுவில் வேறொரு படம் ஓடுவதால் கீழ் வரிக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே அதே தலைப்புகள் அரை அங்குலம் கீழே அசையாமல் இருக்கின்றன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை விதிகளின்படி, தானாக ஓடத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் அசையும் எதையும் வாசகர் நிறுத்துவதற்கு வழி தர வேண்டும். நிறுத்தும் பொத்தான் வைத்த ஓடும் பட்டையை நம் ஊர்த் தளங்களில் பார்ப்பது அபூர்வம். பட்டையையே எடுத்துவிடுவது எளிது.

தீம் ஆங்கிலத்துக்குத் தைத்தது

சந்தையில் கிடைக்கும் தீம்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. தமிழை ஊற்றியதும் அங்கங்கே பிதுங்கும். முதலில் பிதுங்குவது தலைப்பு. ஆங்கிலத் தலைப்புக்கு வரி உயரம் எழுத்தின் அளவைப்போல 1.1 அல்லது 1.2 மடங்கு போதும். தமிழில் மேலே புள்ளியும் இகர, ஈகாரச் சுழிகளும் ஏறும். கீழே உகர, ஊகார வால்கள் இறங்கும். ‘கூட்டுறவுத் துறையில் முறைகேடு’ என்று இரண்டு வரியில் தலைப்பு வந்தால், மேல் வரி ‘கூ’வின் வால் கீழ் வரி ‘கே’க்குள் புகுந்து நிற்கும். தலைப்புக்கு 1.4, செய்திக்கு 1.7 என்று வைத்துப் பாருங்கள். பக்கத்தில் வேறெதையும் தொடாமல் இதை மட்டும் மாற்றினாலே பாதிப் பேர் ‘டிசைனை மாத்திட்டீங்களா?’ என்று கேட்பார்கள்.

செய்தி எழுத்து 17 அல்லது 18 பிக்சல். 14-ல் வைத்தால் ‘ன’வும் ‘ண’வும் வயதானவர் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் வசதியைத் தமிழில் தொடவே தொடாதீர்கள். கொம்பும் காலும் தாங்கள் சேர்ந்த எழுத்தை விட்டு விலகி நிற்கும். இரண்டு பக்க ஓரத்தையும் சமன் செய்வதும் வேண்டாம். நாளிதழில் அதைச் செய்கிறார்களே என்றால், அங்கே சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு இறக்குகிறார்கள். போன் திரையில் ‘உள்ளாட்சித்தேர்தலையொட்டி’ போல நீளமான ஒரு சொல் கீழே குதித்தால், மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொற்களும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

தமிழ்த் தளங்கள் ஏன் இவ்வளவு வண்ணமடிக்கின்றன என்பதற்கு எழுத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல முழுப் பெரிய எழுத்து உண்டு, சாய்வெழுத்து உண்டு. நம்மிடம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. சாய்வெழுத்து கண்ணுக்கு ஒட்டவில்லை. ஆக, கையில் மிஞ்சுவது அளவு, தடிமன், வண்ணம், வெற்றிடம் ஆகிய நான்கு. இந்த நான்கில் வெற்றிடத்தை யாரும் எடுப்பதில்லை, வண்ணத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். சுத்தச் சிவப்பு எழுத்து வெள்ளைப் பின்னணியில் தரும் வேறுபாடு 4-க்கு 1 மட்டுமே. சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூ3சி விதி கேட்பது 4.5-க்கு 1. அதாவது நமக்குப் பிரியமான அந்தச் சிவப்பு, கொட்டைத் தலைப்புக்கு வேண்டுமானால் தாங்கும், செய்தி எழுத்துக்குத் தாங்காது. சிவப்பில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து ஆழமாக்குங்கள். ஒரு பக்கத்தில் ஒரே வண்ணம், அதுவும் ஒரே வேலைக்கு. அது லிங்க்குக்கான வண்ணம் என்றால், லிங்க் இல்லாத எதற்கும் அதைப் பூசக்கூடாது.

தடிமனிலும் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் எடுத்த ஃபாண்டில் தடித்த வடிவம் தனியாக இல்லையென்றால், பிரௌசர் மெல்லிய எழுத்தையே இழுத்துத் தடிப்பாக்கிக் காட்டும். ‘ஞ’வும் ‘ணை’யும் உள்ளே அடைபட்டு மசிக் கறையாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றில் தடித்த வடிவம் முறையாகவே வரையப்பட்டிருக்கிறது. இலவசமாகவும் கிடைக்கின்றன. ஒரு ஃபாண்ட், இரண்டு தடிமன், அதற்கு மேல் வேண்டாம். எதையும் இறக்காமல் போனில் இருப்பதையே நம்பினாலும் தவறில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிள் கருவிகளில் முத்து நெடுமாறன் வடித்த எழுத்துருக்கள் எனத் தமிழ் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தனக்கென்று ஒரு குறியாக்கம், அதற்கென்று ஒரு ஃபாண்ட் வைத்திருந்தது. அதை இறக்கிப் போட்டால்தான் படிக்க முடியும், இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட காலத்துக்குள் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அன்று தப்பிப்பதற்காகப் பிடித்த ஒரு பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. செய்தியைப் படமாக்கிப் போடுவதைத்தான் சொல்கிறேன். ‘நியூஸ் கார்டு’ வாட்ஸ்அப்பில் சுற்ற நல்லதுதான். ஆனால் அந்தப் படத்துக்குள் இருக்கும் தமிழைப் பெரிதாக்கினால் மங்கும், கூகுள் தேடலில் சரியாகச் சிக்காது, பார்வையற்றவரின் திரைபடிப்பான் வாசிக்காமல் தாண்டிப் போகும். கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது பக்கத்தில் எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

ஒரு மின்தடை அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்

உள்ளூர்த் தளத்துக்குச் சத்தமில்லாமல் வாசகரைக் கொண்டுவந்து சேர்க்கும் செய்தி இதுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தெந்தத் துணை மின் நிலையப் பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்படும் என்று மின்வாரியத்திலிருந்து குறிப்பு வரும். அதை வந்தபடியே ஒட்டினால் இப்படி இருக்கும்:

“பாளையங்கோட்டை துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் நடைபெறவிருப்பதால் நாளை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை கீழ்க்கண்ட பகுதிகளில் மின் விநியோகம் இருக்காது எனச் செயற்பொறியாளர் தெரிவித்துள்ளார். சமாதானபுரம், திருச்செந்தூர் ரோடு, மகாராஜநகர், முருகன்குறிச்சி, தியாகராஜநகர், பெருமாள்புரம்…”

இப்படியே முப்பது நாற்பது ஊர்ப் பெயர்கள் ஒரே பத்தியில் போய், ‘மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்’ என்று முடியும். மாதிரிக்காக நான் எழுதியதுதான், ஆனால் இந்தப் பாணியைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். தலைப்போ ‘நெல்லையில் நாளை மின்தடை’. வாசகருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: என் தெரு உண்டா இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள அவர் நாற்பது பெயரையும் படிக்க வேண்டியிருக்கிறது. படித்து முடித்த பிறகு ‘நாளை’ என்றால் எந்த நாளை என்ற சந்தேகம் வரும். லிங்க் நேற்று ராத்திரி வந்ததா, போன வாரம் வந்ததா?

இந்தச் செய்தியைச் சீராக்க வடிவமைப்பாளர் எவரும் தேவையில்லை. தலைப்பில் தேதியையும் கிழமையையும் போடுங்கள்: ‘மின்தடை: 18.6.2025, புதன் – பாளையங்கோட்டை, பெருமாள்புரம், தியாகராஜநகர்’. முதல் வரியில் நேரம் மட்டும். அதன் கீழே ஒவ்வொரு துணை மின் நிலையமும் தடித்த எழுத்தில் ஒரு சிறு தலைப்பு. அதற்கடியில் ஊர்ப் பெயர்கள் அகர வரிசையில், வரிக்கு ஒன்று. பக்கம் நீண்டுவிடுமே என்று அஞ்ச வேண்டாம். தள்ளிப் பார்ப்பது கட்டைவிரலுக்குச் சிரமமே இல்லை. பத்திக்குள் துழாவுவதுதான் கண்ணுக்குச் சிரமம். செயற்பொறியாளர் தெரிவித்தது, பராமரிப்புப் பணி என்பதெல்லாம் கடைசியில் ஒரு வரி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். மின்தடைக்கென்று மாறாத முகவரியில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அதையே தினமும் புதுப்பியுங்கள். தினம் ஒரு புதுச் செய்தியாகப் போட்டால் பக்க எண்ணிக்கை கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே லிங்க்கைப் போனில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வருகிறவர், விளம்பரதாரரிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லக்கூடிய வாசகர்.

அணை நீர்மட்டத்துக்கும் இதே வைத்தியம். அணை, உச்ச அளவு, நேற்று, இன்று, நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு என்று ஏழு நெடுவரிசையில் ஓர் அட்டவணை போட்டால், போனில் அது பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டியதாகிவிடும். நீர்வரத்துக்குத் தள்ளிப் போகும்போது அணையின் பெயர் இடது பக்கம் மறைந்துவிடும். ‘பாபநாசம் – உச்சம் 143 அடி’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் இன்றைய மட்டம் பெரிய எழுத்தில், நேற்றைவிட எத்தனை அடி ஏற்றம் அல்லது இறக்கம், வரத்தும் வெளியேற்றமும் கனஅடியில் ஒரே வரி. அடுத்து சேர்வலாறு, 156. அடுத்து மணிமுத்தாறு, 118. விவசாயிக்கு முழு விவரமும் கிடைத்தது, அட்டவணை தேவைப்படவில்லை.

வாசகர் நுழைவது பின்வாசல் வழியாக

இவ்வளவு நேரம் முகப்பைப் பற்றிப் பேசினாலும், உள்ளூர் வாசகர் வாட்ஸ்அப் குழுவில் வந்த லிங்க்கைத் தட்டி நேராக ஒரு செய்திக்குள் வந்து விழுவதே அதிகம். அவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. ஆகவே ஒவ்வொரு செய்திப் பக்கமும் தனக்குத்தானே முகப்பு.

அங்கே முதலில் தெரிய வேண்டியது தலைப்பு, அடுத்து ஊர், அடுத்து தேதி. தேதியை வருடத்தோடு போடுங்கள். ‘3 மணி நேரத்துக்கு முன்’ என்று காட்டும் தீம் வசதியை அணைத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அது அர்த்தமற்றுப் போகும். ஒவ்வொரு மழைக்கும் பழைய வருடத்து ‘பள்ளிகளுக்கு இன்று விடுமுறை’ செய்தி எங்கிருந்தோ கிளம்பி வரும். அனுப்பியவர் தேதி பார்க்கவில்லை என்று நொந்துகொள்கிறோம். தேதி இருந்தது வெளிர்சாம்பல் நிறத்தில், 11 பிக்சலில். லண்டனிலிருந்து வரும் ‘தி கார்டியன்’ நாளிதழ் 2019-ல் பழைய செய்திகளின் தலையில், இது இத்தனை வருடத்துக்கு முந்தையது என்று மஞ்சள் பட்டையே போடத் தொடங்கியது. பகிரும்போது தெரியும் படத்திலும் வருடத்தைப் பொறித்தது. ஃபேஸ்புக் 2020-ல், 90 நாளுக்கு மேல் பழைய செய்தியைப் பகிரப் போகிறவரை ஒரு எச்சரிக்கை காட்டி நிறுத்தியது. விடுமுறை, மின்தடை, போக்குவரத்து மாற்றம் ஆகிய மூன்று வகைச் செய்திக்காவது நீங்களும் இதைச் செய்யுங்கள். தேதி கடந்ததும் ‘இந்த அறிவிப்பு காலாவதியானது’ என்று தலையில் ஒரு பட்டை. ஏதாவது ஒரு பிளகினால் தானாகவே செய்துவிடலாம், இல்லையென்றால் கையால்.

‘இதையும் படிங்க’ பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பத்திக்கு ஒரு முறை நடுவில் புகுந்து, சம்பந்தமில்லாத நடிகை செய்திக்கு அழைக்கும் அந்தப் பெட்டி, வாசகரைத் தளத்தில் நிறுத்தி வைப்பதாக ஒரு நம்பிக்கை. வெள்ள நிவாரணத் தொகை வாங்க என்ன ஆவணம் வேண்டும் என்று படித்துக்கொண்டிருப்பவரிடம் பிக்பாஸைக் காட்டினால் அவர் எரிச்சலில் வெளியே போவார். செய்தி முடிந்த பிறகு, அதே ஊரிலிருந்தோ அதே விஷயத்திலிருந்தோ மூன்று தலைப்பு கொடுங்கள். நடுவில் புகாதீர்கள்.

விளம்பரம் இல்லாமல் வண்டி ஓடாது

அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் உள்ளூர் விளம்பரத்தையும் கூகுள் முதலான வலைப்பின்னல்கள் தானாக நிரப்பும் விளம்பரத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. டவுன் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, புதிதாகத் திறந்த கண் மருத்துவமனை, நீத்தார் நினைவஞ்சலி எல்லாம் வாசகர் நின்று பார்க்கும் சமாச்சாரங்கள், செய்திக்குச் சமம். கண்ணை உறுத்துவது ‘இந்தக் காயை வெறும் வயிற்றில் சாப்பிட்டால்…’ என்று பக்கத்தின் அடியில் குவியும் படக்கூட்டம்.

எவ்வளவு விளம்பரம் தாங்கும் என்பதற்கு வெளியே ஓர் அளவுகோல் இருக்கிறது. விளம்பரதாரர்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் சேர்ந்த ‘கோயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ்’ 2017-ல் சில வரையறைகளை வெளியிட்டது. போன் பக்கத்தில் செய்தி இருக்கும் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. திரையை மறைக்கும் பாப்-அப், மின்னி மின்னி மறைவது, சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ, திரையில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒட்டி நிற்பது எல்லாம் விலக்கு. இவற்றைத் தொடர்ந்து மீறும் தளங்களில் விளம்பரத்தையே காட்டாமல் தடுக்கும் வழக்கத்தைக் குரோம் பிரௌசர் 2018 பிப்ரவரி 15 முதல் கொண்டுவந்தது. ஆக, இதில் வாசகர் மனசு மட்டுமல்ல, உங்கள் வருமானமும் அடங்கியிருக்கிறது.

படிப்பவரை மிக அதிகமாகக் கோபப்படுத்துவது விளம்பரத்தின் எண்ணிக்கையைவிட அது தாமதமாக வந்து பக்கத்தைத் தள்ளுவது. தலைப்பைத் தொடப் போகிற நொடியில் மேலே ஒரு பேனர் வந்து உட்காரும், எல்லாம் கீழே இறங்கும், விரல் விளம்பரத்தில் படும். அந்தத் தட்டலுக்குக் காசு வரும் என்று மகிழ வேண்டாம். தவறுதலான தட்டல்களைக் கூகுள் செல்லாதவை என்று கழித்துவிடும், அளவு மீறினால் கணக்குக்கே ஆபத்து. விளம்பரம் வருகிற இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கி வையுங்கள். 250 உயர விளம்பரம் என்றால் அது வரும்வரை 250 உயரத்துக்கு வெற்றுக் கட்டம் இருக்கட்டும். பக்கம் இப்படி ஆடுவதைக் கூகுள் ஓர் எண்ணாகவே அளக்கிறது, 0.1-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

எடை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லை. ஒற்றைக் கோட்டு சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, எந்தப் பாலம் மூழ்கியிருக்கிறது, எங்கே முகாம் என்று தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் திறக்குமா? உள்ளூர்த் தளம் உயிர்நாடியாகும் நாள் அதுதான்.

தமிழ் எழுத்துக்கு எடை மிகக் குறைவு. யூனிகோடில் ஒரு குறிக்கு மூன்று பைட் ஆகும். 300 சொல் செய்தி என்றால் புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து மூவாயிரம் குறிக்குள். அதாவது 9 கேபி. சர்வரில் சுருக்கி அனுப்பினால் அதிலும் பெரும்பகுதி குறையும். நிருபர் போனிலிருந்து அப்படியே ஏற்றும் ஒரு படம் 4 எம்பி. ஒரு படத்தின் எடையில் நானூறு செய்தியை அனுப்பலாம். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து ‘வெப்பி’ வடிவத்தில் சேமித்தால் 100 கேபி சுற்றளவில் நிற்கும், போனில் வித்தியாசம் தெரியாது.

படத்துக்கு அடுத்தபடி கனப்பது கண்ணுக்குத் தெரியாத நிரல்கள். ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழ் அந்த நாடுகளின் வாசகர்களுக்கு மட்டும் விளம்பர நிரலும் பின்தொடரும் நிரலும் நீக்கிய பதிப்பைத் தந்தது. 5.2 எம்பி இருந்த முகப்பு அரை எம்பிக்கு வந்துவிட்டது. 2017-ல் ஃபுளோரிடாவை இர்மா புயல் தாக்கியபோது சிஎன்என்னும் என்பிஆர் வானொலியும் வெறும் எழுத்து மட்டும் உள்ள பக்கங்களை மக்களுக்கு எடுத்துச் சொல்லின. நீங்களும் லோகோ, படம், விளம்பரம் எதுவுமற்ற ஒரு ‘அவசரப் பக்கம்’ முன்கூட்டியே செய்து வையுங்கள். மழை எச்சரிக்கை வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து செய்யும் வேலையல்ல அது.

மெனு

சுருக்கமாக முடிக்கலாம். இந்தியா, உலகம், டெக், லைஃப்ஸ்டைல் எல்லாவற்றையும் தூக்குங்கள். அங்கே நீங்கள் போடுவது வேறெங்கோ வந்த செய்திதானே? அந்த இடத்தில் ஊர்களை வையுங்கள்: பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் சங்கரன்கோவில்காரர் நெல்லைச் செய்திக்கு வந்து எட்டிப் பார்ப்பார், அவருக்கும் ஒரு வாசல் இருக்கட்டும். ஏழு தலைப்புக்கு மேல் போனால் மெனு மறுபடி கதம்பமாகிவிடும்.

சோதித்துப் பார்க்கும் விதம்

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், முக்கியப் பகுதி தெரிய எத்தனை விநாடி ஆகிறது என்று சொல்லும். 2.5 விநாடிக்குள் என்பது அவர்கள் வைத்திருக்கும் கெடு. அந்த எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, நாலு வருடத்துப் பழைய போன் ஒன்றில், நண்பகல் வெயிலில் நின்று திறந்து பாருங்கள். பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் சங்காத்தமே இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். “அத்தே, நாளைக்கு நம்ம தெருவுல கரண்டு இருக்குமான்னு இதுல பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எதைச் செய்தி என்று நினைத்து விளம்பரத்தைத் தட்டுகிறார், எந்த இடத்தில் ‘எனக்கு இது ஆகாதுப்பா’ என்று போனைத் திருப்பித் தருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டக் கூடாது. நாலைந்து பேரிடம் செய்தாலே முதலில் எதை எடுப்பது என்று தெரிந்துவிடும்.

மாற்றங்களை ஒரே நாளில் கொட்டாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதல் வாரம் வரி உயரமும் எழுத்தளவும். அடுத்து முதல் திரை. பிறகு செய்திப் பக்கம். விளம்பர இடங்களை மாற்றும் முன் விளம்பரதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் பேனர் இருந்த இடத்தில் இல்லையென்று வேறொருவர் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் தளத்தை முழுதாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய வாரத்திலும் தீமில் கை வைக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் செய்திக்கு வறட்சியான வாரம் ஒன்று வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.